நான் கேட்காமல் விட்ட எட்டாவது ஆள்

நேற்று மாலை அலுவலகம் விட்டு வரும்போது காஜா பேராங் முச்சந்தியில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கினேன். கடலையைத் தின்று முடித்த பிறகு, அடியில் இன்னும் இரண்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் காகிதக் கூம்பைப் பிரித்தேன். பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாள். எண்ணெய் ஊறி, இந்தப் பக்கத்து எழுத்தும் மறுபக்கத்து எழுத்தும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. ஆனாலும் சிதம்பரநாதன் என்ற பெயரை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நனைந்த குடையோடு செண்பகத்தின் வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவன் யோசித்துக்கொண்டே இருந்த, நம் தொடர்கதையின் அந்த அத்தியாயம்.

வறுத்த கடலை வாசனை அடிக்கிற அந்தத் தாளை, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, கடைசி வரி வரை படித்தேன்.

நீ போய் ஏழு வாரம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நேற்று வரைக்கும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதுவதால் நான் இளகிப்போய்விட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் எதையும் மறக்கிறவன் இல்லை. ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் என் நிலப்படப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், சுமத்திராவின் மேல் காப்பியைக் கொட்டித் திருப்பிக் கொடுத்தாய். அதுவே இன்னும் மனதில் இருக்கிறது. மற்றதைச் சொல்லவா வேண்டும்?

பள்ளியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. பேசியதெல்லாம் மலாய். உன் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மலாக்காவில் கால் வைத்த செட்டிகளின் வம்சம் நீ. சாமி பெயரும் சில சடங்குச் சொற்களும் தவிரத் தமிழ் உங்கள் வீட்டை விட்டு எப்போதோ போய்விட்டது. நான் நான்கு வயதில் கப்பலில் வந்தவன். அப்பா பிரம்பை வைத்துக்கொண்டு எனக்கு இலக்கணம் சொல்லித் தந்தார். உன் அப்பா இறந்ததும் நீ படிப்பை விட்டாய். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்து அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனேன். நீ தெங்கேரா பஸ்ஸில் கண்டக்டர் ஆனாய்.

முப்பது வயதுக்கு மேல் உனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. யாரோ பஸ்ஸில் விட்டுப்போன பத்திரிகையையும் ஒரு அரிச்சுவடியையும் வைத்துக்கொண்டு நீயாகவே தமிழ் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாய். ஏன் என்று கேட்டதற்கு மலாயில் சொன்னாய்: “கோயில்ல நின்னு வாயசைக்கிறேன். சாமிக்கிட்ட நான் என்ன சொல்றேன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

தொடர்கதையைப் படித்தே தமிழ் கற்றதால் தொடர்கதைத் தமிழே உன் வாயில் வந்தது. டோபி அண்ணாசாமியின் கடைக்குள் நுழையும்போதே, “அனைவரும் நலமா? அடியேன் சற்றுத் தாமதித்துவிட்டேன்” என்பாய். காக்கி உடுப்பு, தோளில் டிக்கெட் பை, வாயில் ராஜா நாடகத்து வசனம். மசாலைக் கடைக் காதர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். “இந்த மனுசன் பஸ்ல சில்லறை கேக்கறப்பவும் இப்படித்தான் பேசுவாரா?” நீயும் கூடவே சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது. என் அப்பாவின் பிரம்படியெல்லாம் எதற்காக என்று ஓர் எரிச்சல்தான் வரும்.

நம் விளையாட்டு எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? சுதந்திரம் வந்த வருடம். தொடரை எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் தைல விளம்பரம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் டோபிக் கடையில், தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே நாம் ஒன்பது பேர் உட்கார்ந்து புலம்பினோம். காதர் பாய்தான் சொன்னார்: “அவருக்கு முடியலன்னா என்ன? குடையோட நிக்கிறவன உள்ள கூப்பிட நமக்குத் தெரியாதா?”

விதிகளை வகுத்தவன் நான். ஒவ்வொருவரும் தனக்கு என்ன கதை வேண்டும் என்று ஒரு கேட்புச் சீட்டில் எழுதி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். ‘செண்பகத்துக்குக் காய்ச்சல்.’ ‘சிதம்பரநாதனின் முதல் சம்பளம்.’ அவ்வளவுதான். குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தவர் அந்தக் கதையைக் கேட்டவருக்காக எழுத வேண்டும். ஒரு தபால் அட்டைக்கு மேல் போகக்கூடாது. கதை அந்தப் பாத்திரமே கேட்டவருக்கு எழுதும் கடிதமாக இருக்க வேண்டும், கையெழுத்தும் பாத்திரத்தின் பெயரே. அட்டை தபாலில் வர வேண்டும். அடுத்த ஞாயிறு அதைக் கேட்டவர் வாசித்துக் காட்டி, எழுதியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். சரியான பெயரைச் சொன்னால் மட்டும் எழுதியவர் எழுந்து நிற்பார். சொல்லாவிட்டால் அது கடைசி வரைக்கும் ரகசியம்.

கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று வேதநாயகம் வாத்தியார் சொன்னார். அதற்கும் நானே வழி சொன்னேன். எல்லோரும் பெயர் போடாமல் மூலத்தை டின்னில் போட்டுவிட வேண்டும். அண்ணாசாமி எல்லாவற்றையும் தன் கையால் அட்டையில் நகலெடுத்துத் தபாலில் சேர்ப்பான். மூலத்தை இஸ்திரிப் பெட்டிக் கரியில் போட்டு எரித்துவிடுவான். யாராலும் எதையும் நிரூபிக்க முடியாத ஏற்பாடு. அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

என் அட்டைகளை அலுவலக முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசை வீட்டுக்குத் தபால்காரர் ஒழுங்காக வருவார். ஆனால் அலுவலகத்தில் பியூன் என் மேசைக்குக் கொண்டுவந்து வைப்பதை மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நான் செயலாளர் என்பதால் குறிப்பேடு என்னிடம். ஒவ்வொரு அட்டையையும் பற்றி இரண்டு வரி எழுதுவேன். இரண்டாம் மாதத்தில் வாத்தியாருக்கு ஓர் அட்டை வந்தது. செண்பகம் எழுதுகிறாள்: அவன் விட்டுப்போன குடையைத் தினமும் வெயிலில் காயப் போடுகிறாளாம், அது என்றோ காய்ந்துவிட்டதாம். அவ்வளவுதான் கதை. வாத்தியார் வாசித்து முடித்து, இன்னொரு முறையும் வாசித்தார். அவர் என் பெயரைத்தான் முதலில் சொன்னார். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. இன்னும் மூன்று பெயர் சொன்னார். கடைசியில் வேடிக்கையாக உன்னைக் காட்டி, “அப்போ நம்ம கண்டக்டரா?” என்றார். நீ எழுந்து நின்றாய்.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டில் உன் பெயருக்கு நேரே எழுதினேன்: ‘இவருக்குத் தமிழ் எழுத வராது. வேறு யாரோ எழுதிக் கொடுத்ததைத் தம்முடையதாகக் கொண்டுவருகிறார்.’ எழுதியதை நானே நம்பவும் ஆரம்பித்தேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அப்போது நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, குடியுரிமைப் பத்திரம். உனக்கு அந்தக் கவலை கிடையாது. உன் தாத்தாவின் தாத்தாவும் இங்கே பிறந்தவர். எங்களுக்குத்தான் படிவம், உறுதிமொழி, சாட்சி எல்லாம். எனக்கு இன்னொன்றும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகத் துரை ஊருக்குக் கிளம்ப இருந்தார். அதற்கு முன்னால் தலைமை கிராணி இடத்துக்கு ஆள் போட வேண்டும். குடியுரிமை உள்ளவருக்கு, அல்லது அதற்கு விண்ணப்பித்து நற்சான்று பெற்றவருக்குத்தான் அந்த இடம். நற்சான்றில் கையெழுத்திட வேண்டியவர் துரை. சனிக்கிழமை கடைசி நாள். பதினான்கு வருடம் நான் எதிர்பார்த்திருந்த நாற்காலி அது.

அந்தச் சுற்றில் என் கேட்புச் சீட்டு, ‘சிதம்பரநாதன் ஊருக்குக் கப்பல் ஏறட்டும்.’ ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. படிவத்தில் ‘இந்நாட்டிலேயே நிரந்தரமாக வாழ எண்ணுகிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்ட அதே வாரம்.

அட்டை என் மேசைக்கு வரவில்லை. அலுவலக மொழிபெயர்ப்பாளர் வழியிலேயே எடுத்துக்கொண்டார். தபால் அட்டையை யார் வேண்டுமானாலும் படிக்கலாமே. துரை என்னைக் கூப்பிட்டபோது அட்டை அவர் மேசை மேல் இருந்தது. பக்கத்தில் தட்டச்சு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. நின்றுகொண்டே அட்டையைப் படித்தேன்.

‘நண்பருக்கு. இன்று சாயங்காலம் கப்பல் ஏறிவிட்டேன். இங்கேயே இருப்பேன் என்று கை தூக்கி உறுதி சொன்னவன்தான் நான். அன்று சொன்னது வாய். மனம் அந்த வரிசையில் நிற்கவே இல்லை. அது அப்போதே துறைமுகத்துக்குப் போய் எனக்காகக் காத்திருந்தது. கப்பல் நகர்ந்ததும் எல்லோரும் கை அசைத்தார்கள். நானும் அசைத்தேன். பிறகுதான் பார்த்தேன், கரையில் எனக்கென்று யாரும் வரவில்லை. யாருக்கு அசைக்கிறேன் என்று யோசித்தேன். கிடங்குக்கு. பாரம் தூக்கிக்கு. தினமும் நான் முட்டிக்கொண்டு திட்டிய வளைந்த விளக்குக் கம்பத்துக்கு. கம்பம் சிறிதாகிக்கொண்டே போயிற்று. அது மறைகிற வரைக்கும் கையை இறக்க முடியவில்லை. இப்போது கை வலிக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர். சிதம்பரநாதன்.’

ஆங்கிலத்தில் முதல் ஐந்து வரிகள் மட்டும் இருந்தன. கை தூக்கியது, வாய் சொன்னது, மனம் துறைமுகத்துக்குப் போனது. மீதி வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டார். பிற்பாடு அந்த நாற்காலி அவருடைய தங்கை மாப்பிள்ளைக்குப் போயிற்று. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மறக்கவும் இல்லை.

இது கதை, வாசகர்களின் விளையாட்டு என்று துரையிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். “கதையாகவே இருக்கட்டும். ஆனால் இது உம்முடைய வார்த்தையா, வேறொருவருடையதா? எழுதியவரை அழைத்து வாரும். அவர் இதெல்லாம் தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டால் உமக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்” என்றார். நம் வட்டம் உண்மையானதுதான் என்று காட்டக் குறிப்பேட்டையும் கேட்டார். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தப் பக்கம் நினைவில் இல்லையா என்று நீ கேட்பாய். நினைவில் இருந்தது. விதிகள் எழுதிய முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

அதற்கிடையில், செவ்வாய் மாலையே ஓடிப்போய் எல்லோரையும் டோபிக் கடைக்கு வரச் சொன்னேன். ஒன்பது பேரும் வந்தோம். அன்று வேலை நாள், ஈரத் துணியும் கரிப்புகையுமாகக் கடை மூச்சு முட்டியது. நான் விஷயத்தைச் சொல்லி, “யார் எழுதியது?” என்று கேட்டேன்.

எல்லோரும் இஸ்திரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வழக்கப்படி நீங்கதான் ஆளச் சொல்லணும், கிராணி,” என்றார் காதர் பாய். “சரியா இருந்தா அவரு எழுந்து நிக்கட்டும்.”

“இது விளையாட்டு இல்லை, பாய்.”

“வெளங்குது. ஆனா ‘மனசு இங்க இல்ல’ன்னு எழுதினது நான்தான்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்க. இங்க இருக்கிற எல்லாருக்கும் ஃபாரம் உள்ள கிடக்குது லா. சும்மா யாரு யாருன்னா எவன் வாயத் தொறப்பான்?”

சரி என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். “பாய், நீங்களா?”

“அல்லா சத்தியமா இல்ல. எனக்கு விழுந்தது செண்பகத்துக்குக் காய்ச்சல். இஞ்சி கஷாயம் வச்சே அட்டைய முடிச்சிட்டேன்.”

“வாத்தியார்?”

“என் பிள்ளைங்க மேல ஆணை, நான் இல்ல சார்.”

“அண்ணாசாமி, நீயாவது சொல்லு. நகல் எடுத்தவன் நீதானே?”

“எடுத்தேன். எந்தக் கையெழுத்து யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேரு போடாமதான வருது. மூலம் அன்னிக்கே கரியாப் போச்சு. நீங்க சொன்ன ஏற்பாடுதான, கிராணி?”

மற்ற நால்வரையும் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை, இல்லை. ஏழு பேர். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கதவருகே போனபோது பின்னால் உன் குரல்.

“அலாமாக், கிராணி. ஒரு ஆள விட்டுட்டியே.”

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாய். டிக்கெட் பை மடியில். எழுந்து நிற்கத் தயாராக இருக்கிறவன் மாதிரி. நான் உன் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விதி அப்படி.

“நீ சும்மா இரு,” என்றேன். “இது ஆளை எண்ணிப் பார்க்க உன் பஸ் இல்லை.”

யாரோ சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் மானம் போகிற நேரத்தில் இவனுக்கு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை துரையின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே நீ நின்றுகொண்டிருந்தாய். காக்கி உடுப்பை அண்ணாசாமி கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்திருக்க வேண்டும், விறைப்பாக இருந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தைப் பற்றி ஏதாவது செய்திருப்பேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டேன். செய்திருக்க மாட்டேன். நீ சொன்னதை நம்பியிருக்க மாட்டேன்.

“ஐயா, இம்மடலை வரைந்தவன் அடியேன்,” என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாய்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “யாருய்யா இது, மேடையிலேருந்து நேரா வந்த மாதிரி?” பிறகு துரையிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். இவர் மலாக்காச் செட்டி. இவர்களுக்குத் தமிழ் கிடையாது. வீட்டில் மலாய்தான். நண்பனைக் காப்பாற்ற வந்திருக்கிறார். இவருக்குக் குடியுரிமைச் சிக்கல் இல்லை, எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம்.

துரை ஆங்கிலத்தில் உன்னையே கேட்டார், எழுதியது நீதான் என்பதற்கு என்ன சான்று என்று. நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாளரத்தைப் பார்த்து, அட்டையைச் சொல்ல ஆரம்பித்தாய். முதலிலிருந்து கடைசி வரை. ஓர் இடத்தில்கூடத் தடங்கல் இல்லை. மொழிபெயர்க்காமல் விட்ட பகுதியையும் சொன்னாய். கிடங்கு. பாரம் தூக்கி. விளக்குக் கம்பம். ‘இப்போது கை வலிக்கிறது’ என்ற இடத்தில் உன் குரல் தாழ்ந்தது. நான்கு வயதில் ஒரு கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அது எனக்கு நினைவில்லை என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

“எப்படி எழுதினீர்? உங்கள் குடும்பம்தான் எங்கும் போகவில்லையே?” என்று துரை கேட்டார்.

“எங்க வீட்ல யாரும் கப்பல் ஏறல, ஸார்,” என்றாய் மலாயில். “ஏறினா எப்படி இருக்கும்னு ஒரு வாரம் யோசிச்சேன்.”

துரை பேனாவின் மூடியைத் திறந்தார். அதை நான் பார்த்தேன்.

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் குறுக்கே வந்தார். “மனப்பாடம் யாரு வேணா பண்ணலாம், துரை. சொல்லிக் குடுக்க ஆள் இருந்தா போதும்.” சொல்லிவிட்டுக் குறிப்பேட்டைப் புரட்டினார். முன்பே குறித்து வைத்திருந்தார் போல, நேராக அந்தப் பக்கம். என் இரண்டு வரிகளையும் தமிழில் உரக்க வாசித்தார், உனக்குக் கேட்கட்டும் என்று. பிறகு ஆங்கிலத்தில்.

“இது உம் கையெழுத்தா?” என்றார் துரை.

“ஆமாம், ஐயா.”

“இங்கே எழுதியிருப்பது உண்மையா?”

எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. ‘இல்லை, பொய். பொறாமையில் எழுதினேன். இந்த மனிதர் என்னை விட நன்றாக எழுதுவார்.’ மூன்று வாக்கியம். பேனா துரையின் கையில் இருந்தது, காகிதம் மேசையில் இருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் பார்த்தாய். உன் முகத்தில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அட்டையை வாசித்து முடித்ததும் நான் என்ன சொல்வேன் என்று பார்ப்பாயே, அதே பார்வை.

“உண்மைதான், ஐயா,” என்றேன்.

துரை பேனாவை மூடினார்.

வராந்தாவில் நீ என் பின்னாலேயே வந்தாய். செருப்புச் சத்தம் கேட்டது. படி இறங்கும் இடத்தில் கேட்டாய், தொடர்கதைத் தமிழை விட்டுவிட்டு, பஸ்ஸில் கேட்டுப் பழகிய தமிழில்.

“அப்போ யாரு எழுதிக் குடுத்தா, கிராணி? சொல்லேன். எனக்கும் தெரிஞ்சுக்கணும் லா.”

நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

நற்சான்று இல்லாத விண்ணப்பம் திரும்பி வந்தது. நாற்காலி போயிற்று. மறுபடி விண்ணப்பித்துப் பத்திரம் வாங்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. டோபிக் கடையில் அதற்குப் பிறகு யாரும் சீட்டுப் போடவில்லை. எல்லாவற்றுக்கும் உன் அட்டைதான் காரணம் என்று என் மனைவியிடம் சொன்னேன். “நீங்க கேட்டதத்தான அவரு எழுதினாரு?” என்றாள். அதற்காக அவளோடும் இரண்டு நாள் பேசவில்லை.

தெங்கேரா பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினேன். மழைக்காலத்திலும் சைக்கிள்தான். ஒரே ஒரு முறை, சக்கரம் வளைந்துபோன அன்று, ஏற வேண்டி வந்தது. நீ வந்து நின்றாய். முடி நரைத்திருந்தது. “எங்க?” என்றாய். “டவுன்,” என்றேன். கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய், ஒரு கிழவியின் கோழிக்கூடையை நகர்த்தச் சொல்லி மலாயில் சண்டை போட்டாய். ஆறு வருடத்தில் நமக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

நீ இறந்த செய்தியை அண்ணாசாமி சொன்னான். உங்கள் குடியிருப்பான செட்டிக் கம்பத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்கு எதிரே, ஒரு கூரையின் ஓரத்தில் நின்றேன். சாம்பிராணிப் புகை தெரு வரைக்கும் வந்தது. வெள்ளைச் சாரோங்கில் உன் மனைவி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். “மாசோக் லா, கிராணி,” என்றாள். உள்ளே வரச் சொன்னாள். அலுவலகத்துக்கு நேரமாகிறது என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கும் அது தெரியும்.

இன்று காலை அலுவலகத்தில் முதல் வேலையாக ஒரு தாளில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். இன்னார் தாம் எழுதியதாகச் சொன்ன அட்டையை எழுதியவர் அவரே. குறிப்பேட்டில் நான் எழுதியது பொய். விசாரணையில் நான் சொன்னதும் பொய். கையெழுத்திட்டு இப்போதைய அதிகாரியிடம் கொடுத்தேன். என்னை விடப் பத்து வயது இளையவர், நல்ல மலாய்க்காரப் பிள்ளை. இரண்டு முறை படித்தார். மரியாதையாக இஞ்சே, ஐயா, என்று அழைத்தே பேசினார்.

“உங்களுக்குத்தான் பத்திரம் கிடைத்துவிட்டதே, இஞ்சே. இதைச் சேர்த்தால் உங்கள் கோப்புக்குத்தான் கெடுதல். பொய் சொன்னேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆள் கேட்கிறாரா?”

“இல்லை. இறந்துவிட்டார்.”

“அப்படியானால் யாருக்காக?”

“சேர்த்துவிடுங்கள்,” என்றேன். அவர் தோளைக் குலுக்கி, முத்திரை குத்தி, கோப்பை எடுத்துவரச் சொன்னார். என் கண் முன்னால் தாளில் துளை போட்டு, துரை எழுதிய அந்த வெள்ளிக்கிழமை விசாரணை அறிக்கைக்கு மேலே கோத்தார். இனி அந்தக் கோப்பைத் திறக்கிற யாரும் முதலில் உன் பெயரைத்தான் படிப்பார்கள். அடுத்த பதவி உயர்வுக்கு அதைத் திறப்பார்கள். திறக்கட்டும்.

இதனால் மனம் லேசாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். உன் மேல் எனக்கு இருக்கும் வருத்தங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. சொல்லாமல் வந்து நின்றாய். நான் அப்படிச் சொன்ன பிறகும் ஊரில் ஒருவரிடமும் என்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. ஒரு முறையாவது திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

உன் அட்டை கோப்பிலேயே இருக்கிறது. ஆனால் எனக்கு அது தேவைப்படுவதில்லை. நீ சாளரத்தைப் பார்த்துச் சொன்ன ஒரே முறையில் அது என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. காலையில் சைக்கிள் மிதிக்கும்போது முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு போவேன். அலுவலக வாசல் வருவதற்குள் முடிந்துவிடும். எங்காவது ஒரு சொல்லை மாற்ற முடியுமா, ஒன்றைக் குறைக்க முடியுமா என்று இத்தனை வருடமாகப் பார்த்து வருகிறேன். இன்று காலையும் பார்த்தேன். முடியவில்லை.